அழாத பிள்ளைகளின் டாக்டர்

நான் மயக்க மருந்து டாக்டர். பன்னிரண்டு வருடமாக என்னிடம் வந்த எந்தக் குழந்தையும் அழுததில்லை என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தவன். ஆபரேஷனுக்கு அரைமணி முன்பு குழந்தைகளுக்குப் பயம் தணிக்கும் மருந்து கொடுப்பதுண்டு. இனிப்பாக ஒரு மூடி; உள்ளே போனதும் பிள்ளை சொக்கிப்போய் யார் தூக்கினாலும் வரும். எனக்கு அதெல்லாம் எதற்கு? என் பேச்சே மருந்து. மயக்கம் கொடுக்கும் முகமூடியை பைலட் மாஸ்க் என்பேன், பைலட் எங்கேயாவது அழுவாரா என்று கேட்பேன். பிள்ளை கப்சிப். அரைமணி மிச்சமாயிற்று என்று சர்ஜன் வேறு முதுகில் தட்டுவார். எனக்குத் தலைகால் புரியாது.

போன மாதம் என் மகளுக்கே டான்சில் எடுக்க வேண்டி வந்தது. வயது ஆறு. சொந்தப் பிள்ளைக்கு நாமே மயக்கம் கொடுப்பதில்லை என்பதால் என் ஜூனியர் டாக்டரிடம் ஒப்படைத்தேன். ஒப்படைத்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. காலையிலிருந்து அந்தப் பெண்ணின் பின்னாலேயே சுற்றி உயிரை வாங்கினேன்.

மகள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். இவளுக்கு அந்த மருந்து வேண்டாம், இவள் என் பெண் என்று ஜூனியரிடம் மார்தட்டினேன். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் பெருமையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஜூனியர் மகளின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். விட்டுவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"சார், நூத்தம்பது ஓடுது. கை ஜில்லுன்னு இருக்கு. இன்னைக்கு நீங்க அப்பா மட்டும்தான், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். மருந்து உள்ளே போனது. கால்மணி நேரத்தில் மகளின் தோள்கள் தளர்ந்தன. அந்த மருந்து நாக்கின் கட்டையும் அவிழ்த்துவிடும். ஜூனியர் மேல் சாய்ந்துகொண்டு, குழறலாக, ஆனால் என் காதில் நன்றாக விழும்படி சொன்னாள்.

"எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு ஆன்ட்டி. நான் அழுதா அப்பா எல்லார்கிட்டயும் என்ன சொல்லுவாரு? பாவம். அதான் வாயை மூடிக்கிட்டேன்."

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டு வருடத்துக் கப்சிப்புகள் ஒவ்வொன்றாக என் ஞாபகத்துக்கு வந்தன. அந்தப் பிள்ளைகளின் நாடியை நானும் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு வேகமாகத்தான் ஓடும் என்று எழுதிவைத்துவிட்டு என் பைலட் கதையைத் தொடர்ந்திருக்கிறேன். நானெல்லாம் ஒரு டாக்டர். வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மருந்து குடித்த பிறகு பேசியது எதுவும் பிள்ளைகளுக்கு நினைவிருக்காது. கண்விழித்ததும் என்னைத்தான் தேடினாள். தொண்டை வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

"அப்பா, நான் அழலதானே?"

அழுதால் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நானே அழுதுவிட்டேன். அவள் பதறிப்போய், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, போர்வை நுனியால் அவசர அவசரமாக என் முகத்தைத் துடைத்தாள்.