பன்னிரண்டு தட்டு

காலை ஏழு மணிக்கு ஹோட்டலின் பின்வாசலில் வந்து நின்றார் கோர்ட்டு சேவகர் மிஸ்டர் ஹேடன். தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு ஜூரிகளுக்குச் சாப்பாடு சொல்வது அவர் வேலை, சமைப்பது என் வேலை. ஜார்ஜியாவின் இந்தச் சின்ன ஊரில் வேறு ஹோட்டல் கிடையாது.

"மத்தியானத்துக்குப் பன்னெண்டு தட்டு, வெர்லீன். கோழி பொரிச்சிடு. பீச் பழ கேக்கும் வை."

"ராத்திரிக்கு, ஐயா?"

"ராத்திரிக்கா? அதுக்குள்ள அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்களே."

கெட்ட மனுஷர் இல்லை. அடுப்படியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடியே போய்விட்டார். விசாரணை தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

கூண்டில் நிற்கப்போகிறவன் என் தம்பி ஐசம். பருத்தி ஆலைக்குத் தீ வைத்தான், உள்ளே இருந்த வெள்ளைக்காரக் காவலாளி செத்தான் என்று வழக்கு. பன்னிரண்டு பேரும் ஆமாம் என்றால் அவன் உயிர் மிஞ்சாது. ஆலை எரிந்த சாயங்காலம் அவன் என் வீட்டுக் கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். ஏணியைப் பிடித்தவள் நான். அவனுக்கு இருக்கும் ஒரே சாட்சியும் நான்தான்.

போன வருஷம் பசு திருடிய ஒரு வெள்ளைக்காரனுக்காக மூன்று நாள், மூன்று வேளையும் ஜூரிக்கு ஆக்கிப் போட்டேன். முடிவுக்கு வர முடியவில்லையாம், பாவம்.

விசாரணைக்கு முன்னாலேயே தீர்ப்பு முடிந்துவிட்டது என்று யாரிடமாவது போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. யாரிடம்? ஐசமுக்குக் கோர்ட்டு கொடுத்த வக்கீல், ஞாயிறுதோறும் அந்த வெள்ளைக்கார ஜூரிகளோடு இதே ஹோட்டலில் உட்கார்ந்து தின்கிறவர். முதலாளி மிஸ் கோராவோ, சாட்சி சொல்லப் போனால் திரும்பி இந்த அடுப்புக்கு வர வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

ஆகவே சமைத்தேன். வஞ்சகமில்லாமல் சமைத்தேன். வயிறு குளிர்ந்தால் மனசும் குளிரும் என்று நம்பினேன். கோழியை மோரில் ஊறவைத்தேன். கேக்கில் வெண்ணெயை இரண்டு பங்கு போட்டேன். தட்டுகள் திரும்பி வந்தபோது எலும்பில் ஒட்டுச் சதை இல்லை, கேக் வைத்த தட்டுகளை வழித்தே தின்றிருந்தார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினேன்.

மத்தியானம் இரண்டு மணி, ஆகஸ்ட் வெயில். மாடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எங்கள் ஜனங்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். கறுப்பர்களுக்கென்று தனியாக வைத்திருந்த பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஏணி, தகரம், வளைந்துபோன ஆணிகள், இரண்டு தடவை அவன் தண்ணீர் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஜூரி பக்கம் திரும்பினேன்.

நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குக் கண் செருகியது. முன்வரிசையில் ஜூரித் தலைவர் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, தாடை நெஞ்சில் படியச் சாய்ந்திருந்தார். எல்லாம் என் வெண்ணெய் செய்த வேலை. ஐசம் அவர்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

குரலை உயர்த்தினேன்.

"ஏணிய நான்தான் புடிச்சிருந்தேன், ஐயா. பொழுது சாயற வரைக்கும் அவன் கீழ எறங்கவே இல்ல."

"மெதுவாப் பேசு, வெர்லீன்," என்றார் நீதிபதி. "இங்க யாரும் செவிடு இல்ல."

தலைவர் விழித்துக்கொண்டார். மீசையில் ஒட்டியிருந்த கேக் துணுக்கை நாக்கை நீட்டி எடுத்துத் தின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தார்.