ஆறாவது முழுக்கு

என் தங்கை புருஷன் இரட்சிப்பைத் தொலைப்பதில் மகா கெட்டிக்காரர். சிலர் குடையைத் தொலைப்பார்கள், மாப்பிள்ளை பரலோகத்தைத் தொலைப்பார். பஸ் டிரைவர் வேலை வேறு. காலையில் வண்டியை எடுத்த அரை மணி நேரத்துக்குள் எவனாவது குறுக்கே வருவான், இவர் வாயிலிருந்து ஒன்று விழும், அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொள்வார். தொலைத்ததை மீட்க இதுவரை ஐந்து சபைகளில் ஐந்து தடவை தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தாயிற்று. ஒரே ஆளை இரண்டு தடவை முக்க எந்தப் போதகரும் சம்மதிக்காததால்தான் இத்தனை சபை.

ஆறாவதாக வந்து சேர்ந்தது என் சபைக்கு. என் சபை என்றால், ஞானஸ்நானத் தொட்டிக்குக் குழாய் போட்ட பிளம்பர் என்ற முறையில் கடைசி பெஞ்ச் என்னுடையது.

போன மாதம் மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி. அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஜில்லென்ற தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த மறுநாளே மனுஷன் ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை நான் முங்கணும்."

"இப்ப யாரைத் திட்டுனீங்க?"

"ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப... கடவுளையே திட்டிட்டேன். வாயில வரக் கூடாததெல்லாம் வந்துச்சு. அடுத்த அடைப்புல போனா நேரா நரகம்தான்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

போதகர் நல்ல மனுஷன். ஒரு தடவை போதும் என்று வசனம் காட்டினார். மாப்பிள்ளை எதிர் வசனம் காட்டினார். இரண்டு மணி நேரம் இப்படியே போய், கடைசியில் போதகர்தான் களைத்துப்போய்ச் சரி என்றார். ஸ்டென்ட் விஷயம் அவருக்குத் தெரியாது. சொன்னால் ஆற்றில் போய்த் தனியாக முங்குவேன் என்று மாப்பிள்ளை வீட்டில் மிரட்டி வைத்திருந்தார்.

தங்கை என்னிடம் வந்தாள். "அண்ணா, அவருக்குப் பரலோகம் கிடைக்கட்டும். ஆனா இந்த வாரமே வேணாம்" என்றாள். கண் சிவந்திருந்தது.

ஞாயிறு விடியற்காலையில் போய்த் தொட்டியின் அடிவால்வைத் திறந்துவிட்டேன். தேவனுடைய வேலையைக் கெடுக்கிறோமே என்று உறுத்தியது. அடைப்பு எடுத்த நெஞ்சும் தேவனுடைய வேலைதானே, போய்யா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாட்டு முடிந்து திரையை விலக்கினார்கள். வெள்ளை அங்கியில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு படியிறங்கினார். இறங்கினார், இன்னும் இறங்கினார், அடியில் போய் நின்றார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். பிறகு நேராகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

பிறகு என்னையும் என் பரம்பரையையும் சேர்த்து ஒன்று விட்டார் பாருங்கள். மேல்படியில் நின்ற போதகர் சட்டையில் மைக் இருந்தது. சபை முழுக்கக் கேட்டது.

அதற்கப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "போச்சு, இதுவும் போச்சு" என்று அப்படியே தண்ணீரில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை.

தங்கை எழுந்து போனாள். புடவை நனைவதைக் கூடப் பார்க்காமல் தொட்டிக்குள் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னன்னு திட்டுனீங்க?"

"நான் இங்க சாகக் கிடக்கேன், நீ எங்கய்யா போய்த் தொலைஞ்சேன்னு."

"யாரைப் பார்த்து?"

"அவரைத்தான்."

"நான் வெளியில நின்னேன். எங்கண்ணன் நின்னான். டாக்டர் பக்கத்துலயே இருந்தாரு. எங்க யாரையும் கூப்பிடாம அவரைத்தானே கூப்பிட்டீங்க? அப்புறம் என்னத்தைத் தொலைச்சீங்க?"

மாப்பிள்ளை மூக்கை அங்கியில் துடைத்துக்கொண்டார். போதகர் மெதுவாக மைக்கை அணைத்தார்.

திரும்பும்போது என் வேனை நான்தான் ஓட்டினேன். முதல் திருப்பத்திலேயே ஒருவன் பைக்கைக் குறுக்கே விட்டான். பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை வாயிலிருந்து வழக்கமானது வந்தது. கண்ணாடியில் பார்த்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொல்வது போல, "மன்னிச்சுக்கய்யா" என்றார். பிறகு என்னிடம், "ரோட்டைப் பாத்து ஓட்டு மச்சான்" என்றார்.