எட்டாவது சுரமும் ஓர் ஒன்பது வோல்ட் பேட்டரியும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. புகார் சொல்லப் போனவன் நான்.

மாடியறையில் உட்கார்ந்து, வாரத் தொடருக்காக ஒரு கொலையாளியைக் கூரைமேல் ஓடவிட்டிருந்தேன். கீழ்வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார். அதே எட்டு சுரங்கள். நான்கு மாதமாக, பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று வரை. கொலையாளி மூன்று வாரமாகக் கூரையைவிட்டு இறங்கவில்லை.

நான் இறங்கினேன். கதவைத் தட்டினேன். திறந்தவர் பஸ் ஓட்டுநர். நாற்பது வயதிருக்கும். சீருடை மாற்றாமல் தோளில் கிட்டார்.

"கேக்க சகிக்கலைல்ல சார்?" என்றார், நான் வாயைத் திறக்குமுன்.

"அது வந்து..."

"எனக்கும்தான் சகிக்கல. உள்ள வாங்க. எங்க தப்புன்னு நீங்களாவது சொல்லுங்க."

சண்டைக்குப் போனவன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

2

(தொடக்கம், முதல் முயற்சி: "கிட்டாரின் கம்பியில் ஒரு துளி ரத்தம்..." வேண்டாம். பழக்க தோஷம்.)

(இரண்டாவது: "இசை என்பது ஆன்மாவின்..." எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

உள்ளதைச் சொல்கிறேன். ஓட்டுநருக்கு ஓர் அண்ணன். அச்சகத்தில் வேலை. பெற்றோர் இல்லாத வீட்டில் தங்கையை, அதாவது நம் ஓட்டுநரை, வளர்த்தவர். 'பொம்பளை பஸ் ஓட்டப்போறாளாக்கும்' என்று சிரித்தவர்கள் நடுவே அவரைப் பயிற்சிக்கு அழைத்துப்போய், தேர்வு முடியும்வரை வாசலில் நின்றவர். கிட்டார்தான் அண்ணனுக்கு உயிர். நான்கு வருடத்துக்கு முன் இடது கையில் இரண்டு விரல்களை இயந்திரம் பறித்துக்கொண்டது. கிட்டாரையும் பெடல் பெட்டியையும் தங்கை வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து எங்கே பாட்டுக் கேட்டாலும் எழுந்து போய்விடுவார்.

"ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டா போச்சே?" என்றேன்.

"எங்க வீட்லயா? தேங்க்ஸ்னு சொன்னா, ஜுரமான்னு நெத்தியத் தொட்டுப் பாப்பான் சார்."

அதனால்தான் அந்த எட்டு சுரங்கள். அண்ணனே கட்டிய மெட்டு. அதை அண்ணனுடைய சத்தத்திலேயே அவருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒருமுறை தங்கை முயன்றார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். வாசலில் ஒன்று சொன்னார்: "சுரம் சரி. சத்தம் என்னுது இல்ல."

வருகிற ஞாயிறு மறுபடி சாப்பிட வருகிறார்.

"இந்தத் தடவையும் சொதப்பினா, அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டான்" என்றார் ஓட்டுநர்.

3

(வாசகர் இங்கே கொட்டாவி விடலாம். நான் விட்டேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.)

எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் விரலில் பாதிதான் பிறக்கிறது. கம்பியிலிருந்து வயர் வழியாக ஓடி, தரையில் வரிசையாகக் கிடக்கும் சின்னப் பெட்டிகளைக் கடந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அந்தப் பெட்டிகள்தான் பெடல். உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி. காலால் மிதித்தால் ஒன்று சுரத்தைக் கரகரக்க வைக்கும். ஒன்று சொன்னதையே திருப்பிச் சொல்லும். இன்னொன்று, காலிக் கிணற்றுக்குள் வாசிப்பதுபோலக் காட்டும்.

"வேலைல காலுக்குக் கீழ மூணு பெடல். வீட்டுக்கு வந்தாலும் மூணு. நான் எங்க போய் காலை நீட்டுறது?"

முதல் இரண்டு மாதம் வரிசை தப்பு. எதிரொலியை முன்னால் வைத்துக் கரகரப்பைப் பின்னால் வைத்தார். எதிரொலியும் சேர்ந்து கரகரத்துச் சகதியானது. "பஸ்ஸைக் கழுவிட்டுச் சேத்துல ஓட்டின மாதிரி" என்பது அவர் விளக்கம். மூன்றாம் மாதம், திருகுகளைத் திருகி, கனத்த அடிச்சத்தத்தையும் கீச்சென்ற உச்சியையும் ஏற்றி நடுச்சத்தத்தை இறக்கினார். தனியாகக் கேட்டால் பிரமாதம். மின்விசிறி ஓடினாலே சுரம் காணாமல் போனது. இப்போது வரிசை சரி. திருகுகள் சரி. ஆனாலும் அண்ணனின் சத்தம் வரவில்லை. அது சுரத்தின் கடைசியில் லேசாகத் தொண்டை அடைக்கும். இவருடையது பளிச்சென்று, புதுப் பாத்திரம்போல.

4

அண்ணன் வாசித்ததில் மிஞ்சியது ஓட்டுநரின் போனில் நாற்பது நொடிப் பதிவு. நானும் பத்துத் தடவை கேட்டேன். கடைசியில் தங்கையின் கத்தல்: "அண்ணா, வயரை உருவி வைன்னா கேக்குறியா? பேட்டரி செத்துரும்!" அண்ணனின் சிரிப்பு. அவ்வளவுதான்.

துப்பு அங்கேயே கிடந்தது. ஏழு துப்பறியும் தொடர் எழுதியவன் கோட்டைவிட்டேன்.

செவ்வாயன்று ஓட்டுநரை அவசரமாக வெளியூர் வண்டிக்குக் கூப்பிட்டார்கள். ஓடினார். வயர் கரகரப்புப் பெடலில் செருகியபடியே கிடந்தது. பெடல் அணைந்திருந்தாலும், வயர் உள்ளே இருந்தால் பேட்டரி கரையும். அதனால்தான் இவர் தினமும் ஒழுங்காக உருவிவைப்பார். அண்ணன் ஜென்மத்தில் உருவியதில்லை.

வெள்ளிக்கிழமை திரும்பினார். மிதித்தார். மீட்டினார்.

சுரத்தின் கடைசியில் தொண்டை அடைத்தது.

"சார்!" மாடிப்படியில் ஒரே கூச்சல். "நாலு மாசமா புது பேட்டரியா போட்டுக் கெடுத்திருக்கேன் சார்! அவன் சத்தமே சாகப்போற பேட்டரிதான்!"

5

இனி என் பேட்டைக்கு வந்துவிட்டோம். ஒரே ஒரு பேட்டரி. இரண்டு நாள். ஒத்திகை பார்த்தால் தீர்ந்துவிடும்; பார்க்காவிட்டால் விரல் தடுமாறும். புது பேட்டரியில் பழகலாமே என்றால், விரல் மறுபடி அந்தப் பளிச் சத்தத்துக்கே போய்விடும் என்றார் ஓட்டுநர்.

ஓட்டுநர் வயரை உருவினார். பேட்டரியின் இரு முனைகளையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "லேசா சுள்ளுங்குது. இருக்கு."

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கீழே அமைதி. நான்கு மாதம் நான் ஏங்கிய அமைதி. ஒரு வரிகூட எழுத ஓடவில்லை.

6

(முடிவு, ஒன்று: முதல் சுரத்திலேயே பேட்டரி சாகிறது. தொடர்காரன் புத்தி. அடித்துவிட்டேன்.)

(முடிவு, இரண்டு: அண்ணன் கதறியழ, தங்கை அவர் காலில்... கிடையாது. அந்த வீட்டில் உடனே ஜுர மாத்திரை தருவார்கள்.)

இதுவரை பெரும்பாலும் ஓட்டுநர் சொன்னது. இனி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து நானே கேட்டது.

ஞாயிறு. தட்டுச் சத்தம். பிறகு ஓர் ஆண்குரல்:

"என்னது, பேட்டரிய நக்கிப் பாக்குற? என் கெட்ட பழக்கமெல்லாம் உனக்கும் தொத்திக்கிச்சா?"

"சும்மா சாப்பிடுண்ணா."

நான்கு வருடத்தில் கிட்டார் சம்பந்தமாக அண்ணன் எழுந்து போகாமல் பேசிய முதல் வார்த்தை. பெடல் 'டக்'கென்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. தொண்டை அடைக்கிறது. நான்கு, ஐந்து. தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. ஆறு. ஏழு.

ஏழோடு நின்றது.

நாற்காலி இழுபட்டது. கதவு திறந்ததா? அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தித் தொலைத்தான்.

7

திங்கள் காலை படிக்கட்டில் ஓட்டுநர்.

"தேங்க்ஸ் சார்."

"ஜுரமா?" என்றேன்.

சிரித்தார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பேட்டரியை எடுத்து என் கையில் வைத்தார். "கதை எழுதப் போறீங்கல்ல? வெச்சுக்கோங்க."

"அந்த எட்டாவது சுரம்..."

"வண்டி எடுக்கணும் சார், நேரமாச்சு." இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

என் கொலையாளியும் அன்றே கூரையைவிட்டு இறங்கினான். கைவிலங்கு மாட்டியாயிற்று. நன்றி சொல்லவேண்டியவன் நான்தான். பதிலுக்கு இந்தக் கதைக்கு நல்லதாக ஒரு முடிவு எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பேட்டரி செத்தது, வாசிப்பு நின்றது, ஆனாலும்... என்று ஒரு வாக்கியம். முடிப்பதற்குமுன் ஏதோ தோன்றி, பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சுள்ளென்றது.

செத்திருக்கவில்லை. அப்படியானால் எட்டாவது சுரத்தை நிறுத்தியது எது, அல்லது யாருடைய கை? பாதியில் நின்ற அந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அதற்குக் கீழே இடமும் விட்டிருக்கிறேன், உங்களுக்கு.

மணி இரண்டாகப் போகிறது. மின்விசிறியை நிறுத்துகிறேன்.