காற்று வந்த ஷெட்

கணேசன் அண்ணாச்சியின் தறி ஷெட்டுக்குக் காற்றாடி வந்ததே அங்கே நெய்கிற ஞானபாக்கியத்தால்தான். போன கோடையில் தறியடியிலேயே ஓர் ஆள் வெக்கையில் சுருண்டு விழுந்து, பிழைக்காமல் போனதைப் பார்த்தவள் அவள். அன்றிலிருந்து முதலாளியை நச்சரித்தாள், நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனம் மனமிரங்கி, பெரிய காற்றாடிகளை மாட்டி, அடைத்துக் கிடந்த ஜன்னல்களையும் திறந்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. ஞானபாக்கியத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தறி ஷெட்டில் யாரும் சும்மா ஜன்னலை அடைத்து வைப்பதில்லை. சங்கரன்கோவில் கோடைக்காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் காய்ந்து பட்பட்டென்று அறும். அதற்காகத்தான் தரையில் தண்ணீர் தெளித்து, புழுக்கத்திலேயே வெந்துகொண்டு நெய்வார்கள். இத்தனை வருஷம் நெய்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆள் செத்த பயத்தில் நூலை மறந்துவிட்டாள். நூல் அறுந்தால் தறி நிற்கும். நெய்த நீளத்துக்குத்தான் கூலி, நிற்கிற தறிக்கு ஒன்றும் கிடையாது.

கோடை முடியும்வரை நாள் கூலி போடச் சொல்லி அண்ணாச்சியிடம் கேட்டாள். பக்கத்துத் தெரு ஷெட்டை நஷ்டத்தில் பூட்டியாச்சு, என்னையும் பூட்டச் சொல்கிறாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதில் பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

பக்கத்துத் தறி சண்முகசுந்தரி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காற்றாடியை அணைத்தாள், ஜன்னலில் சாக்கைத் திணித்தாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஒரு மத்தியானம் அவளே மயங்கி விழுந்தாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏதோ புண்ணியம், உயிர் தப்பியது.

"காத்தாடி மாட்டியும் இவளுவளே அணைச்சா நான் என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி.

இரண்டு நாள் கழித்து சண்முகசுந்தரி வேலைக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வந்ததும் வராததுமாகச் சாக்கை எடுத்தாள். ஞானபாக்கியம் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, செத்துருவட்டி."

"கைய விடுக்கா. நூல் அறுந்தா எம் பிள்ளையளுக்கு நீயா சோறு போடுவ?"

ஞானபாக்கியத்துக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கையை விட்டாள். சண்முகசுந்தரி எக்கிப் பார்த்தாள், உடம்பில் தெம்பில்லை, ஜன்னல் எட்டவில்லை. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் ஞானபாக்கியமே சாக்கை வாங்கி, வெளிச்சம்கூட நுழையாதபடி இறுக்கி அடைத்தாள்.