பென்சில் வட்டம்

…அதுவும் ஏணியோடு, ஐம்பத்திரண்டு வயதில், பல்பு மாற்றப் போகிறவர் மாதிரி அந்த மூன்று படி அலுமினிய ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பிவேலியைப் பார்த்துப் போகிறார் என் வீட்டுக்காரர், திரும்பி ஒரு தடவை பார்த்தாரா, இல்லை, எதற்குப் பார்க்க வேண்டும், நான் காருக்குள்தான் இருப்பேன், பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டால் எண்ணைச் சொல்ல… மூன்று நாளில் இது நாலாவது விமான நிலையம். விமான நிலையமாம். ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, காற்றுத் திசை காட்ட வைத்து, காற்றே இல்லாமல் தொங்கிப்போன ஒரு துணிக்குழாய், ஒரு நாளைக்கு இரண்டே விமானம், அதில் ஒன்று எப்போதும் தாமதம். லீவு போட்டு, எழுநூறு கிலோமீட்டர் முதுகு வலிக்க உட்கார்ந்து வந்து, எதற்கு? இறங்குகிற விமானத்தின் வாலில் எழுதியிருக்கிற எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ள. ஏறிப் போக இல்லை, யாரையும் கூட்டிப்போகவும் இல்லை, எழுதிக்கொள்ள. வந்ததும் வாசல் காவலாளி கேட்டார், "யாரு சார் வர்றாங்க?" இவர் பெருமையாக, "ஆளு யாரும் வரலைங்க, ஃப்ளைட்டுதான் வருது." காவலாளி என்னைத்தான் பார்த்தார், ஐயோ பாவம் என்று. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அந்த ஒரு பார்வைக்காகவே இவரை விட்டுவிட்டுப் போகலாம். போகத்தான் போகிறேன். கடிதம் கைப்பையில் இருக்கிறது, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பு, வருகிறேனா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். முதல் நிலையத்திலேயே இவரிடம் சொல்லிவிட நினைத்தேன், விமானம் வந்துவிட்டது. இரண்டாவதில் வாயைத் திறந்தேன், "உஷ்" என்றார், எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறாராம், சத்தத்தை வைத்தே இன்ன ரகம் என்று சொல்லிவிடுவாராம்… என் இருமலை வைத்து எனக்குக் காய்ச்சல் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாரா? மூன்றாவதில் சும்மா இருந்துவிட்டேன். தங்கை போனில் கேட்டாள், "மாமாகிட்ட சொல்லிட்டியாக்கா?" சொல்ல என்ன இருக்கிறது, நான் தனியாகப் போகிறேன், நீங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டே வாக்கியம். மணி நாலே கால்.

இதில் சட்டதிட்டம் வேறு. கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது, போனில் தேடி எழுதினால் மகா பாவம். ஏணியில் ஏறி வேலிக்கு மேலாகப் படம் எடுக்கிற அவசரத்தில் இவருக்கு எண் சிக்காதாம், அதனால் சில சமயம் பைனாகுலரில் பார்த்துப் படித்துச் சொல்வது என் வேலை, கல்யாணமானதிலிருந்து, பத்தொன்பது வருஷமாக. இதுவரை பார்க்காத எண் என்றால் அடியில் பச்சை மையில் கோடு. பச்சை மை! ஆய்வகத்தில் நான் எழுதித் தருகிற எண்ணை நம்பி ஆளை ஆபரேஷனுக்கு அனுப்புகிறார்கள், இங்கே நான் வாலைப் படித்துச் சொல்லிக்கொண்டு… நேற்று அந்த ஆத்திரத்தில்தான் அப்படிச் செய்தேன். வெயிலில் கானல் அலைந்து வால் சரியாகத் தெரியவில்லை, இவர் ஏணி மேலே நின்றுகொண்டு "சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு" என்று பறந்தார், வாயில் வந்ததைச் சொன்னேன். நாலு நாலு ஒன்று ஏழு. என் ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் இருக்கிற எண். முகமெல்லாம் பல்லாக எழுதிக்கொண்டு பச்சைக் கோடும் போட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இது முதல் தடவையும் இல்லை, இத்தனை வருஷத்தில் ஏழெட்டு தடவை இல்லாத விமானங்களை அந்த நோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன், மனுஷன் ஒன்றைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. அசடு.

நோட்டை சீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பைண்டு போட்ட தடி நோட்டு, நடுவில் ஒரு பென்சில். இவர் எழுதுவதெல்லாம் பேனாவில், பென்சில் எதற்கு? திறந்தேன். நாலு நாலு ஒன்று ஏழு, பச்சைக் கோடு, பக்கத்தில் கடுகளவு ஒரு பென்சில் வட்டம். அதற்கு மேலே நான் சொன்ன இன்னொரு எண், அங்கேயும் வட்டம், உள்ளே ஒரு டிக். இவரே பார்த்து எழுதியவற்றுக்கு வட்டம் இல்லை. புரட்டினேன்… நான் சொன்னதற்கெல்லாம் வட்டம். உண்மையாகச் சொன்னவற்றில் டிக். என் பழைய ஹாஸ்டல் அறை எண்ணை ஒரு தடவை சொல்லியிருந்தேன், தேடினேன், அந்த வட்டம் காலி. சாப்பிட்டதும் அறையில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாரே, அழகு பார்க்கிறார் என்றல்லவா நினைத்தேன், வால் எண்ணை நோட்டோடு ஒத்துப்பார்த்திருக்கிறார். தன் தப்புகளைச் சிவப்பில் அடித்துத் திருத்தியிருக்கிறார், என்னுடையதை மட்டும் தொடவில்லை, தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பக்கத்துக்குப் போனேன். கல்யாணமாகி இருபதாவது நாள், முதல் பயணம், புதுப் பெண்டாட்டி, தப்பாகிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சொன்னேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது… அங்கேயும் வட்டம். டிக் போட்ட வட்டம். அப்போது நான் பொய்யே சொன்னதில்லையே, அப்போதே ஏன் சரிபார்த்தார்? நான்தான் இவரை மட்டமாக நினைக்கிறேன் என்று இத்தனை வருஷம் ஒரு மிதப்பில் இருந்தேனே, இவர் எனக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாரா? அல்லது வேறு ஏதாவதா, எனக்குப் புரியாத ஏதாவதா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, திருடியது நானாக இருந்தும் என் வீட்டில் திருட்டுப் போன மாதிரி.

சத்தம் கேட்டது. "வந்துடுச்சு! நம்பர் சொல்லும்மா!" பைனாகுலரை எடுத்தேன். இரட்டை விசிறி விமானம், வெயில் இறங்கியிருந்தது, வால் பளிச்சென்று தெரிந்தது. "ஆறு, ரெண்டு, சைபர், ஒம்பது." உண்மையைத்தான் சொன்னேன், ஏன் என்று கேட்டால் தெரியாது. ஏணியோடு வந்தார், ஜன்னல் வழியே நோட்டை வாங்கிப் பேனாவில் எழுதினார், பிறகு விரல் நோட்டின் மடிப்பில் துழாவியது. பென்சில் என் கையில் இருந்தது.

"இதத்தான் தேடுறீங்களா?"

மூன்று நாளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். பென்சிலை வாங்கிக்கொள்ளவில்லை. மணி நாலே முக்கால்.

"எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு," என்றேன், "நான் தனியாப் போறேன்."

ஏணியை மெதுவாகக் கீழே வைத்தார். "நிஜமாவா?" என்றார், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில், இந்தக் கேள்வியை வாய்விட்டு இவர் கேட்டதே இல்லை… ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், கடிதம் பையில் பத்திரமாக இருக்கிறது, எடுத்துக் காட்டினால் போதும், ஆனால் நான் சொன்னது நிஜமா என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.