கெம்பன் ஓடைப் பாலம் வந்த விதம்

சின்னகொத்திப்பள்ளிக்குப் பாலம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று ஓசூர் சந்தையில் தக்காளிப் பெட்டி இருநூற்றுப் பத்து ரூபாய், பீன்ஸ் கிலோ நாற்பது. பாலை ஊற்றிவிட்டு சொசைட்டி வாசலில் நின்று நாராயணப்பனும் மாதேஸ்வரனும் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு சூடேறி வெயிலும் ஏறியபோது, அவர்கள் முதுகுக்குப் பின்னால் கெம்பன் ஓடையின் மேல், கைப்பிடிச் சுவரோடு, லாரி போகிற அகலத்தில் பாலம் நின்றுகொண்டிருந்தது. முதலில் பார்த்தது நஞ்சம்மாவின் ஆடு. அது யாரையும் கேட்காமல் அக்கரைக்குப் போய் மேய ஆரம்பித்தது.

அது சட்டமன்றத் தேர்தல் வருடம். கூடைக் கட்சியின் எம்.எல்.ஏ. வழவழப்பான தாளில் சாதனை மலர் போட்டிருந்தார். அதில் முடிந்த பணிகளுக்குக் கீழே கெம்பன் ஓடைப் பாலமும் இருந்தது. அவரை எதிர்த்து நின்ற கடப்பாரைக் கட்சிக்காரர், அப்படி ஒரு பாலமே கிடையாது என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பு அவரே எம்.எல்.ஏ.வாக இருந்தபோது அடித்த நோட்டீஸில் அதே பாலம் ‘பணி துவங்கப்பட்டது’ என்று இருந்தது. இல்லை என்றால் அவர் துவங்கியதும் இல்லையென்று ஆகிவிடும். அதனால் பாலம் இருக்கிறதா என்ற பேச்சே எழவில்லை, யாருடைய பாலம் என்பதுதான் தகராறு. தினமும் பேண்ட்டை மடித்துக்கொண்டு ஓடையில் இறங்கிப் போகிறவர்களும் அதையே பேசினார்கள். கட்சி என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் கண்ணால் பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது.

நாராயணப்பன் கடப்பாரைக் கட்சி. ஒருமுறை ஊராட்சித் தலைவராக இருந்தவர், இப்போது ரோஜாவும் தக்காளியும் போடுகிறார். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பெங்களூர் மார்க்கெட்டில் கன்னடம் பேசுவார். கோபம் வந்தால் எங்கே நின்றாலும் முதல் வார்த்தை தெலுங்குதான். மாதேஸ்வரன் அவருடைய மனைவி வெள்ளையம்மாவின் தம்பி. கூடைக் கட்சி, பால் சொசைட்டியின் முன்னாள் தலைவர். மாமனும் மச்சானும் ஒரே வீட்டு விசேஷத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது சண்டையை ஆரம்பிப்பார்கள்.

“எங்க ஆளு அடிக்கல் நட்டாரு. நீங்க வந்து மேல பூசி பேரு போட்டுக்கினீங்க” என்பார் நாராயணப்பன்.

“கல்லு நட்டா பாலமாயிடுமா மாமா? கல்லு மேல பஸ்ஸு போவுமா?” என்பார் மாதேஸ்வரன்.

பாலத்தின் முகப்பில் கல்வெட்டும் இருந்தது. மாதேஸ்வரன் கை ஓங்கும்போது அதில் கூடைக்காரர் பெயர் தெரியும். நாராயணப்பன் மடக்கிவிட்டால் எழுத்து கலைந்து கடப்பாரைக்காரர் பெயர் வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை இருவரும் இதைக் கவனிக்கவில்லை. வெள்ளையம்மா வந்து, களி ஆறுகிறது என்று புருஷனைக் கூட்டிப்போனதும் பாலம் போய்விட்டது. திரும்பி வந்துகொண்டிருந்த ஆடு, கம்பெனிக் கழிவால் பொங்கும் ஓடை நுரையில் விழுந்து, கழுத்துவரை வெள்ளையாக எழுந்து வந்தது. சண்டை நடக்கும்வரைதான் பாலம் என்று ஊருக்குப் புரிய அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

இதில் அதிகம் சந்தோஷப்பட்டது நாராயணப்பனின் மகள் சுகுணா. கோடையிலும் ஓடையில் வண்டிச்சக்கரம் புதையும். கம்பெனி பஸ் ஊருக்குள் வராது. போன மழைக்கு ஓடை நிரம்பி ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாமல், சிப்காட்டில் பார்த்த முதல் வேலை அவளுக்குப் போயிற்று. இப்போது இன்னொரு கம்பெனியில் ட்ரெய்னி. ஆண்டு முடியும்வரை லீவு விழாமல் இருந்தால் பர்மனென்ட் ஆக்குவார்கள். இதுவும் போனால் ஆனேக்கல்லிலிருந்து கேட்டு வந்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதென்று வெள்ளையம்மா முடிவாக இருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்த சுகுணாவுக்கு மிஷின் சத்தமே மேலென்று தோன்றியது.

ஆகவே ஊர் கூடி ஷிப்ட் போட்டது. முதல் ஷிப்ட் பஸ் வரும்போதும் போகும்போதும் நாராயணப்பனும் மாதேஸ்வரனும். இரண்டாவது ஷிப்டுக்கு, வாடகை அறையில் தங்கியிருந்த தேனிக்காரன் செல்வமும் சிவகங்கைக்காரன் முத்துமணியும், ஆளுக்கொரு கட்சி. செல்வம் முதல் நாள் போனைப் பார்த்துப் பார்த்து வாதம் வாசித்ததில் பாதிப் பாலம்தான் வந்தது. பஸ்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார். முத்துமணி அவன் போனைப் பிடுங்கி, அவன் மாவட்டத்து ரோடுகளைப் பற்றி நாலு வார்த்தை சொன்ன பிறகே மீதி வந்தது. வாயளவில் சண்டை போட்டால் பாலம் ஏற்றுக்கொள்ளாது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள்.

தேர்தல் தேதி அறிவித்ததும் ஓர் அதிகாரி விதிப்படி கல்வெட்டின் மேல் காகிதம் ஒட்ட வந்தார். ஒட்டிய காகிதத்தின் மேலேயே பெயர்கள் மாறி மாறி வந்தன. இன்னொரு காகிதம் ஒட்டிப் பார்த்தார், பிறகு பசை தீர்ந்துவிட்டது என்றார். ஓட்டுக்கு முன்னால் பிரச்சாரம் ஓய வேண்டிய நாட்களில் பாலத்துக்கு என்ன வழி என்று டீக்கடை கோவிந்தப்பன் கேட்டதற்கு, மைக் இல்லாமல் மாமனும் மச்சானும் பேசிக்கொள்வது பிரச்சாரத்தில் சேராது என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். நல்ல மனிதர்.

ஓட்டு எண்ணியபோது எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் இழுபறிக்குப் பிறகு ஒரு மதியம், கோவிந்தப்பன் கடை டி.வி.யில் கூடைத் தலைவரும் கடப்பாரைத் தலைவரும் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்தினார்கள். இனி சேர்ந்து ஆட்சி என்றார்கள். முதல் ஷிப்ட் முடிந்த பஸ் அப்போதுதான் அக்கரையிலிருந்து பாலத்தில் ஏறியிருந்தது. கடை வாசலில் “உங்க ஆளு இருந்தாரே…” என்று ஆரம்பித்த மாதேஸ்வரன் டி.வி.யைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பாலம் தண்ணீர் பட்ட அப்பளம் மாதிரி ஆயிற்று. சக்கரத்துக்குக் கீழே நுரை ஓடுவதைப் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். ஜன்னலோரம் இருந்த சுகுணா முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“புள்ள பஸ்ஸுல இருக்கறா! பேசுங்களேன், ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டயா வச்சிக்கினு நிக்கறீங்க?” என்று புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு வெள்ளையம்மா கத்தினாள்.

“உங்க கட்சி…” என்று நாராயணப்பன் இழுத்தார்.

“இப்ப நம்ம கட்சிதானே மாமா” என்றார் மாதேஸ்வரன். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸின் பின்சக்கரம் பாதி இறங்கியது.

நாராயணப்பன் மகளின் முகத்தைப் பார்த்தார். பயமே அவருக்குக் கோபமாக வந்தது. மச்சானின் சட்டையைப் பிடித்து, “ஏமிரா சேஸ்திவி நுவ்வு?” என்றார். நீ என்னடா செய்தாய் என்று அர்த்தம். தெலுங்கு வந்ததும் ஊரார் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். “ரெண்டு வாட்டி சொசைட்டி தலைவரு. வாராவாரம் எம்.எல்.ஏ. வூட்டுக்குப் போயி போட்டா புடிச்சிக்கினு வந்த. ஒரு வாட்டியாச்சும் எங்க ஊருக்குப் பாலம் வேணும்னு கேட்டியாடா?”

“நீ கேட்டியா மாமா? அஞ்சு வருசம் பிரசிடெண்டா இருந்தியே, ஒரு தீர்மானம் போட்டியா? அவுரு வந்தா மாலய தூக்கிக்கினு முன்னால ஓடத்தான் தெரியும் உனக்கு!”

“அன்னிக்கே இல்லாத பாலத்த இல்லேன்னு சொல்லியிருந்தா, எவனாச்சும் வந்து கட்டியிருப்பான்டா!”

“நீ சொல்றதுதானே!”

பாலம் இல்லை என்று அந்த ஊரில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ் இனி மிஞ்சாது என்று நினைத்து கோவிந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் பாலம் இறுகியது. முன்னெப்போதும் இல்லாதபடி இறுகி, சக்கரத்தைத் தூக்கிவிட்டது. டிரைவர் கியர் மாற்றி இக்கரைக்கு வந்தார். சுகுணா இறங்கி, அம்மா போட்டிருந்த புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாமனும் மச்சானும் பொழுது சாயும்வரை ஓயவில்லை.

யார் கட்டியது என்ற வாதத்தைத் தலைவர்கள் சால்வை போட்டு முடித்துவிட்டார்கள். யார் கேட்காமல் விட்டது என்ற வாதத்தை முடிக்க யாராலும் முடியவில்லை. அதில் செல்வத்துக்கும் முத்துமணிக்கும்கூட அவரவர் ஊர் சார்பில் சொல்ல நிறைய இருந்தது. கல்வெட்டில் இப்போது நாராயணப்பன், மாதேஸ்வரன் என்ற இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன. இருவருக்கும் அதில் பெருமை ஒன்றும் கிடையாது, அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடக்கிறார்கள். நெடுஞ்சாலைத்துறை ஆட்கள் வந்து பாலத்துக்கு எண் எழுதி, கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்பும் அடித்துவிட்டுப் போனார்கள்.

சுகுணா பர்மனென்ட் ஆகி அடையாள அட்டையின் கயிறும் நிறம் மாறிவிட்டது. ஆனேக்கல் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. விடியற்காலை பஸ் டீக்கடையைத் தாண்டும்போது, “நீ கேட்டியாடா?” என்று அப்பனும் “நீ கேட்டியா மாமா?” என்று மாமனும் கத்துவது ஜன்னல் வழியே கேட்கும். அது காதில் விழுந்த பிறகுதான் அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, கம்பெனி வாசல்வரை தூங்குவாள்.