பண்ணைவீட்டு செல்லதுரைக்கு நிலமில்லையாம்

மூன்று நாள் வேலையை ஒரே கட்டளையில் முடித்துவிட்டதாக அம்சவல்லி தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தாள். தாலுகா ஆபீஸில் தற்காலிகக் கம்ப்யூட்டர் வேலைதான். ஆனால் அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் தாசில்தாரே அவளிடம் லீவு கேட்டு நிற்பார் போலிருக்கும்.

தேர்தலில் சொன்ன இலவச நிலம் அவர்கள் ஊருக்கு இருபது துண்டு வந்திருந்தது. நிலமே இல்லாத குடும்பங்களில், ரேஷன் கார்டு எண் வரிசைப்படி முதல் இருபது பேருக்கு. அம்சவல்லி தயாரித்த பட்டியலில் அன்று நாலு மணிக்குத் தாசில்தார் கையெழுத்து.

மூன்று மணிக்கு நாகம்மாள் வந்தாள், காலில் நடவுச் சேறு காயாமல். தலையாரி எண்ணிப் பார்த்தபோது அவள் இருபதாவது ஆள். முந்தின நாள் ஒட்டியிருந்த பட்டியலிலோ முப்பத்தொன்றாம் இடம். கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது என்று அம்சவல்லி கொஞ்சம் மிதப்பாகவே சொன்னாள். நாகம்மாள் சண்டைக்கு வரவில்லை. மேலேயிருந்து பெயர்களைப் படிக்கச் சொன்னாள்.

நாலாவது பெயரிலேயே நிறுத்தினாள்.

"பண்ணைவீட்டு செல்லதுரையா? காலையிலகூட அவரு வயல்லதானே நட்டுட்டு வர்றேன். அதுக்குள்ள நிலம் எங்க போச்சு?"

அம்சவல்லி கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்தாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி: கார்டு எண், பெயர், நில அளவு. நடுவில் கோடெல்லாம் கிடையாது, வெறும் இடைவெளிதான். மூன்றாவதாக இருப்பது பூஜ்யமானால் அந்த ஆளை எடு என்பது அவள் கொடுத்த கட்டளை.

அவர்கள் ஊரில் செல்லதுரைகள் மட்டும் ஐந்து பேர். அதனால் கார்டிலேயே பண்ணைவீட்டு, மில்லுக்கார என்று அடைமொழி சேர்த்து எழுதிவிடுவார்கள். கம்ப்யூட்டர் 'பண்ணைவீட்டு' என்பதைப் பெயராகவும் 'செல்லதுரை' என்பதை நில அளவாகவும் எடுத்துக்கொண்டது. எழுத்தில் எண் ஏது? பூஜ்யம் என்று முடிவு கட்டிவிட்டது. இப்படிப் பதினோரு பேர் ஒரே நாளில் ஏழையாகியிருந்தார்கள். ஒருவராவது வந்து மறுத்தாரா என்றால், இல்லை.

தாசில்தாரிடம் ஓடி, தன் தப்புதான் என்று அம்சவல்லி சொன்னாள். நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டதும் ஜீப்பில் கிளம்பவிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கால் மணி நேரம் கொடுத்தார். அவள் மூன்றாவதை விட்டுவிட்டு, வரியின் கடைசியில் இருப்பதைப் பார்க்கும்படி கட்டளையை மாற்றினாள். பெயர் எத்தனை துண்டாக இருந்தாலும் அளவு கடைசியில்தானே நிற்கும்? பதினோரு பேரும் உதிர்ந்தார்கள். உதிர்ந்த ஒவ்வொருவரையும் நிலப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே அச்சுக்குக் கொடுத்தாள்.

கையெழுத்து விழுந்த நேரத்தில் செல்லதுரையே வேட்டி சரசரக்க வந்துவிட்டார்.

"நேத்து எம் பேரு இருந்துச்சேம்மா."

"உங்களுக்குப் பதினாலு ஏக்கர் இருக்குறது கம்ப்யூட்டருக்கு இப்பதாங்க தெரிஞ்சுது."

இருபதாம் வரியில் நாகம்மாள் பெயர் இருந்தது. அதை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"வாய்க்கா எந்தப் பக்கம் வருதும்மா?"

அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அம்சவல்லி தெரியாது என்றாள், அதிசயமாக, மிதப்பே இல்லாமல். நாகம்மாள் தன் துண்டு நிலத்தை இருட்டுவதற்குள் நேரில் பார்த்துவிட பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.